தாத்தாவின் இறப்புச் சான்று ஆன்லைனில் இல்லை: பழைய பதிவை எங்கே, எப்படித் தேடுவது?

கேட்கப்பட்டது இதுதான்: தாத்தா 1960களின் தொடக்கத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் இருக்கும் நிலத்துக்குப் பட்டா மாற்றப் போனால் இறப்புச் சான்று கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் எதுவும் வரவில்லை. "பதிவே இருக்காது, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வாங்கிப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்" என்று இ-சேவை மையத்தில் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

ஆர்டிஓ ஆபீசுக்கு இப்போதே போகாதீர்கள். அது கடைசி வழி. பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். மனு, விசாரணை, விஏஓ அறிக்கை என்று அலைந்த பிறகு, சார்பதிவாளர் அலுவலகத்து அலமாரியில் அந்தப் பதிவு பத்திரமாக இருந்தது தெரியவரும். ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஒரு சாவை இரண்டாம் முறை பதிவு செய்தால், தேதி வேறுபட்ட இரண்டு சான்றுகள் உருவாகும். பின்னால் நிலத்தை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.

இணையத்தில் இல்லை என்றால் கம்ப்யூட்டரில் ஏற்றப்படவில்லை என்றுதான் பொருள். பதிவே இல்லை என்று பொருளில்லை. தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவாக இருக்கும் சிஆர்எஸ் என்ற பிறப்பு-இறப்புப் பதிவுத் தளத்தில் 2018-க்குப் பிந்தைய பதிவுகளை நம்பித் தேடலாம். சென்னை மாநகராட்சி தன் தளத்தில் அதற்கு முந்தைய பதிவுகளையும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய கிராமத்துச் சாவு இந்தத் திரைகளில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அது கையால் எழுதிய பதிவேட்டில் இருக்கிறது. யாராவது எழுந்து போய்ப் புரட்ட வேண்டும்.

புரட்ட வைக்க உங்களிடம் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: எங்கே இறந்தார், எப்போது இறந்தார்.

எங்கே என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அவர் பிறந்த ஊரோ, வாழ்ந்த ஊரோ, எரித்த ஊரோ இதில் கணக்கில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, உயிர் பிரிந்த இடம் எந்தப் பதிவாளரின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் பதிவு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் இறந்து, உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தாலும் பதிவு வேலூரில்தான் இருக்கும். கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து அங்கே இறந்திருந்தால் பதிவு தமிழ்நாட்டிலேயே இல்லை. ஜிப்மர் இருக்கும் கோரிமேடு உழவர்கரை நகராட்சிக்குள் வருவதால் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். குமரி மாவட்டத்தில் பலருக்கு இதே கதை திருவனந்தபுரத்தோடு. ஊர் விஏஓவிடம் எத்தனை முறை கேட்டாலும் இவர்களுக்கெல்லாம் "இல்லை" என்ற ஒரே பதில்தான் வரும். அவர் சொல்வதும் சரிதான்.

அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் "தாத்தா எப்போ செத்தார்" என்று கேட்பதற்கு முன்னால் "உயிர் எங்கே போச்சு" என்று கேளுங்கள். வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலா? வழியில் என்றால் அதற்கும் விதி இருக்கிறது: ஓடும் வண்டியில் இறந்தால், வண்டி முதலில் நின்ற இடத்தில் தகவல் தர வேண்டும். ரயிலில் இறந்தவருக்கு இறக்கிவைத்த ஸ்டேஷன் உள்ள ஊர். வீட்டுக்காரர்கள் நினைத்தே பார்க்காத ஊரில் பதிவு கிடப்பது இப்படித்தான்.

எப்போது என்பது அடுத்தது. இங்கிலீஷ் தேதி யாருக்கும் நினைவில் இருக்காது. ஆனால் திதி கொடுக்கிற வீடுகளில் மாதம், பட்சம், திதி மூன்றும் பிசகாமல் இருக்கும். "பிலவ வருஷம், மார்கழி, வளர்பிறை தசமி" என்று பாட்டி சொன்னால், ஏறக்குறைய தேதியே கையில் வந்துவிட்டது. பிலவ அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். கடைசியாக 2021-22-இல் வந்தது, அதற்கு முன் 1961-62. உங்கள் தாத்தாவுக்குப் பொருந்துவது முந்தையது. அந்த வருஷத்துப் பழைய பஞ்சாங்கம் ஒன்றைப் பிடித்தால் நாள் தெரிந்துவிடும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: மார்கழி டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. பதிவேடோ ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு வருடக் கணக்கு. ஆகவே பிலவ மார்கழி என்றால் 1961 பதிவேடும் 1962 பதிவேடும் இரண்டுமே பார்க்கப்பட வேண்டும். மனுவில் 1961 என்று மட்டும் எழுதிவிட்டு, "இல்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

திதி கொடுக்காத குடும்பம் என்றால் ஊர் உலகத்து நிகழ்வுகளை வைத்துக் கேட்க வேண்டும். நேரு இறந்ததற்கு (மே 1964) முன்னாலா பின்னாலா? தனுஷ்கோடியைப் புயல் அழித்ததே, 1964 டிசம்பர், அப்போது இருந்தாரா? அண்ணா இறந்தபோது (பிப்ரவரி 1969)? சின்ன அத்தைக்கு அப்போது என்ன வயது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளா? இப்படிக் கேட்டால் ஐந்து வருட இடைவெளி ஒன்றிரண்டு வருடமாகச் சுருங்கிவிடும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த பத்திரிகை ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதைவிட வேறு வேண்டாம். அதில் உள்ள தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிவிடலாம்.

பத்திரங்களும் நன்றாக உதவும். தாத்தா கையெழுத்துப் போட்ட கடைசிப் பத்திரம் எது என்று பாருங்கள். பிறகு, உங்கள் அப்பாவையோ பெரியப்பாவையோ "காலஞ்சென்ற இன்னார் குமாரர்" என்று எழுதிய முதல் பத்திரம் எது என்று பாருங்கள். இறப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். வில்லங்கச் சான்று போட்டால் அந்த இரண்டு பத்திரமும் பெரும்பாலும் அகப்படும்.

இனி எந்த அலுவலகம். இதில் நகரம் சுலபம், கிராமம்தான் சிக்கல்.

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் பிறப்பு-இறப்புப் பிரிவு. அங்கே சுகாதார ஆய்வாளர்தான் பொதுவாகப் பதிவாளர். சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். பழைய பதிவேடுகளும் பெரும்பாலும் அதே கட்டடத்திலோ மண்டல அலுவலகத்திலோதான். எல்லை மாறியிருக்கிறதா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் எல்லாம் 2011-இல் தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முன் தனி நகராட்சிகள். 1985-இல் அம்பத்தூரில் இறந்தவரை "சென்னை" என்று தேடினால் கிடைக்காமல் போகலாம்; அம்பத்தூர் மண்டல அலுவலகத்தில் அந்த ஊரின் பழைய பதிவேட்டைக் கேட்க வேண்டும். மாவட்டப் பெயரும் அப்படித்தான். தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-இல் வந்தவை. சான்றில் பழைய மாவட்டப் பெயர் இருந்தால் பதற வேண்டாம். பதிவான நாளில் அதுதான் மாவட்டம்.

கிராம ஊராட்சி என்றால் பதிவாளர் விஏஓ. ஆனால் அவரிடம் பழைய பதிவேடு இருக்காது. ஒரு வருடத்துப் பதிவேட்டை, அந்த வருடம் முடிந்து பன்னிரண்டு மாதம் வரைதான் பதிவாளர் கையில் வைத்திருக்க வேண்டும். பிறகு பாதுகாப்புக்கு வேறு அலுவலகத்துக்கு ஒப்படைத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் கிராமப் பதிவேடுகள் போய்ச் சேரும் இடம் சார்பதிவாளர் அலுவலகம், அதாவது நீங்கள் பத்திரம் பதிகிற அதே ரிஜிஸ்டர் ஆபீஸ். பிறப்பு-இறப்பு என்றாலே தாலுகா ஆபீஸ் என்று நினைத்து அங்கே நிற்பவர்கள் ஏராளம். தாலுகாவில் சில வருடத்துப் பதிவேடுகள் தங்கியிருக்கலாம், அதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஆனால் 1961 என்றால் நேராக சார்பதிவாளர்தான். இன்னொரு விஷயம்: இன்று உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருக்கிறதோ, அதுவேதான் அன்றும் என்று சொல்ல முடியாது. சார்பதிவகங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. உங்கள் நிலத்தின் 1960-ஆம் ஆண்டுப் பத்திரம் எந்த ஆபீசில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முதலில் அங்கே கேளுங்கள்.

1969 சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 1970 ஏப்ரலில். அதற்கு முன் பதிவே கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு, நம்பாதீர்கள். சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டப்படியே கிராமங்களில் பிறப்பும் சாவும் எழுதப்பட்டு வந்தன. எழுதியவர்கள் அன்றைய கிராம அதிகாரிகளான முன்சீப்பும் கர்ணமும். பரம்பரை கிராம அதிகாரிகளை 1980-இல் அரசு எடுத்துவிட்டது. அதன் பிறகுதான் இன்றைய விஏஓக்கள். அந்தக் கைமாற்றத்தில் சில கிராமங்களின் ஏடுகள் காணாமல் போனதும் உண்டு. குமரி மாவட்டமும் செங்கோட்டைப் பக்கமும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவை; அங்கே அதற்கு முந்தைய ஏடுகள் வேறு முறையில், சிலது மலையாளத்தில் இருக்கும். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பதிவுகள் பிரெஞ்சு மொழியில். எழுதும் ஒழுங்கில் அவற்றுக்கு நம்முடையவை பக்கத்தில் நிற்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பழைய ஏட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. குறுக்காகக் கோடு போட்ட அகலமான தாள். வரிசை எண், இறந்த தேதி, பெயர், ஆணா பெண்ணா, தகப்பன் அல்லது புருஷன் பெயர், வயது, மதம் அல்லது சாதி, தொழில், சாவின் காரணம், தகவல் சொன்னவர். மையோ மங்கியிருக்கும். காரணம் என்ற இடத்தில் பக்கம் முழுக்க "காய்ச்சல், காய்ச்சல்" என்று இருந்தால் ஊரில் கொள்ளைநோய் என்று எண்ணிவிடாதீர்கள். காலரா, வைசூரி, பேதி என்று அன்று வைத்திருந்த சில இனங்களில் அடங்காததை எல்லாம் காய்ச்சலில் போட்டுவிடுவது வழக்கம். வயது ஐம்பது, அறுபது, எழுபது என்று முழு எண்ணாகத்தான் இருக்கும், யாரும் கணக்குப் பார்த்து எழுதவில்லை.

பெயர்தான் உண்மையான தலைவலி. வீட்டில் கிட்டு, பத்திரத்தில் கிருஷ்ணசாமி, ஏட்டில் கிஷ்ணன். சுப்பையா சுப்பனாகியிருப்பார். பெண்கள் பாடு இன்னும் மோசம்: "சின்னம்மாள், க/பெ ராமசாமி" என்று இருக்கும், அவருடைய பெயர் மீனாட்சி என்று வீட்டார் அடித்துச் சொல்வார்கள். தகவல் சொன்னது பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளை கூட இல்லை, ஊர்த் தலையாரி. அவருக்குத் தெரிந்த பெயரைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே பெயரை மட்டும் வைத்துத் தேடச் சொன்னால் "இல்லை" என்று வர வாய்ப்பு அதிகம். தேதி, தகப்பனார் பெயர், தெரு அல்லது குக்கிராமம், எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். இந்த மூன்றில் இரண்டு பொருந்தி, பெயர் மட்டும் சற்று மாறியிருந்தால் அது பெரும்பாலும் உங்கள் தாத்தாதான்.

மனு எழுதும்போது "இறப்புச் சான்று வழங்கவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். சட்டத்தின் 17-ஆம் பிரிவு, யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், எடுகுறிப்பு (அந்தப் பதிவின் நகல்) கேட்கலாம் என்று சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு இப்படி எழுதலாம்:

"பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 17-இன்படி, இன்ன வட்டம், இன்ன கிராமத்தின் இறப்புப் பதிவேடுகளில் 1961, 1962 ஆகிய ஆண்டுகளுக்குத் தேடி, என் பாட்டனார் இன்னார், த/பெ இன்னார், என்பவரின் இறப்புப் பதிவின் சான்றிட்ட நகலை வழங்குமாறும், பதிவு இல்லையெனில் படிவம் 10-இல் பதிவு இல்லை என்ற சான்றை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பெயர் ஏட்டில் இன்னின்ன விதமாகவும் எழுதப்பட்டிருக்கலாம்."

அதில் கடைசியாக வரும் இரண்டு விஷயங்கள் முக்கியம். பெயரின் மாற்று வடிவங்களைக் கொடுத்தால்தான் தேடுபவருக்குத் தெரியும். "இல்லையெனில் படிவம் 10" என்று எழுதினால் வாய்வார்த்தையாக "இல்லைங்க" என்று அனுப்பிவிட முடியாது. எழுத்தில் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றாலே ஆட்கள் கொஞ்சம் கவனமாகப் பார்க்கிறார்கள், இது மனித இயல்பு.

தேடல் கட்டணம் வருடக் கணக்கு. முதல் வருடத்துக்கு ஒரு தொகை, கூடுதலாகப் பார்க்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் தனித் தொகை, நகலுக்கு வேறு. ஆண்டைச் சுருக்கிக்கொண்டு போங்கள் என்று மேலே அவ்வளவு நீட்டியது இதற்காகவும்தான். "1950 முதல் 1970 வரை" என்று கேட்டால் கட்டணமும் ஏறும், தேடுபவர் முகமும் மாறும். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அல்லது பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். குறிப்பிட்ட காலத்தில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "இன்ன தேதி மனுமேல் என்ன நடவடிக்கை, இன்ன கிராமத்தின் 1961 பதிவேடு எந்த அலுவலகத்தில் உள்ளது" என்று கேட்கலாம். சான்றையே ஆர்டிஐயில் கேட்பது வீண்வேலை. ஏடு எங்கே என்று கேட்பதற்கு அது நல்ல கருவி.

"அந்தக் காலத்து ஏட்டையெல்லாம் அழிச்சாச்சு" என்று யாராவது சொன்னால் அமைதியாக ஒன்று சொல்லுங்கள்: பதிவு விதிகளின்படி இறப்புப் பதிவேடு நிரந்தர ஆவணம், அதை அழிக்கக் கூடாது. கரையான் அரித்திருந்தாலோ கிழிந்திருந்தாலோ அதையும் எழுத்தில் கேளுங்கள். பின்னால் ஆர்டிஓ முன் நிற்க நேர்ந்தால் அந்தக் கடிதம் பெரிய பலம்.

பதிவு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். நகலைக் கையில் வாங்கியதும், அங்கேயே நின்று பெயர், தகப்பன் பெயர், தேதி, இடம், பதிவு எண் எல்லாவற்றையும் ஏட்டோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். நகலெடுக்கும்போது நடக்கும் பிழையை அங்கேயே திருத்திவிடலாம். ஏட்டிலேயே பிழை என்றால் 15-ஆம் பிரிவின்படி திருத்தம். பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள்; ஓரத்தில் திருத்தத்தை எழுதித் தேதியோடு கையெழுத்திடுவார்கள். எழுத்துப்பிழை மாதிரி சின்ன விஷயத்தைப் பதிவாளரே சரிசெய்யலாம். பொருளே மாறுகிற பிழை என்றால் விஷயம் தெரிந்த, நம்பத்தக்க இருவரின் வாக்குமூலமும் ஆவணமும் கேட்பார்கள். கிட்டு-கிருஷ்ணசாமி மாதிரி வேறுபாட்டுக்குத் திருத்தம் கேட்டு அலைவதைவிட, "இருவரும் ஒருவரே" என்று தாசில்தாரிடம் சான்று வாங்கிச் சேர்ப்பதே பட்டா வேலைக்குப் பல இடங்களில் போதுமாக இருக்கிறது. எது செல்லும் என்று பட்டா மாற்றும் அலுவலகத்திலேயே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவின் காரணம் சான்றில் இருக்காது. இருக்கக் கூடாது என்று 17-ஆம் பிரிவே சொல்கிறது. பரம்பரை நோய் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏமாந்துபோவது இங்கே. அண்மைக் காலத்துச் சாவு என்றால் ஆஸ்பத்திரி தரும் மருத்துவக் காரணச் சான்றில் அது இருக்கும். 2023 திருத்தத்துக்குப் பிறகு அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும்.

எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று, இரண்டு மூன்று வருடத்துக்குத் தேடியாயிற்று, படிவம் 10 கையில் இருக்கிறது என்றால், இப்போது ஆர்டிஓ. ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பதிவுக்கு முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் உத்தரவு என்றிருந்தது. 2023 திருத்தம் அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தபின் மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நிர்வாக நடுவர், அல்லது ஆட்சியர் அதிகாரம் தந்த நிர்வாக நடுவர் உத்தரவு போதும். நடைமுறையில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். உண்மையிலேயே இறந்தார், அன்றுதான், அங்கேதான் இறந்தார் என்பதை அவர் விசாரித்துத் திருப்தி அடைய வேண்டும். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று அறிக்கை போய்வரும்.

இங்கே உங்கள் மனுவைத் தூக்கி நிறுத்துவது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது ஒரு தாள். அறுபது வருடம் கழித்து நீங்கள் கையெழுத்திடும் பிரமாணப் பத்திரத்தைவிட, 1963-ஆம் வருடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "காலஞ்சென்ற" என்ற ஒரு வார்த்தைக்கு எடை அதிகம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்கு ஆலயத்தின் அடக்கப் பதிவேடு, முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாத்தின் மையவாடிக் குறிப்பு, தேதி வெட்டிய சமாதிக் கல், பாட்டிக்கு விதவை உதவித்தொகை வந்திருந்தால் அந்த உத்தரவு, தாத்தா அரசு வேலையில் இருந்தவர் என்றால் குடும்ப ஓய்வூதியக் காகிதம். ஊரில் வயதான இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தால் அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

நேற்று இன்று நடந்த சாவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிப்பவர்களில் அதற்காக வந்தவர்களும் இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவல் தரும் பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு. வீட்டில் என்றால் குடும்பத் தலைவருக்கு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை, தகவல் தந்தவருக்கு முதல் சான்று இலவசம். அதற்குமேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம் மட்டும். 30 நாளிலிருந்து ஒரு வருடம் வரை கட்டணத்தோடு உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஆஸ்பத்திரியில் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொடுக்கும்போது ஆதாரைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். துக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு மருமகன் அவசரத்தில் சொன்ன இனிஷியல்தான் பிறகு வங்கியிலும் எல்ஐசியிலும் குடும்பத்தை இழுத்தடிக்கிறது. க்யூஆர் குறியோடு வரும் டிஜிட்டல் சான்றை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். மை கையெழுத்து இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் ஒன்றல்ல. பட்டாவுக்கு இரண்டுமே கேட்பார்கள். வாரிசுச் சான்று தாசில்தாரிடம், அதுவும் இறப்புச் சான்றைக் காட்டிய பிறகு.

தாத்தா வெளிநாட்டில் இறந்திருந்தால் மேலே சொன்ன எந்த ஆபீசிலும் அவர் பதிவு இருக்காது. இலங்கை மலையகத் தோட்டத்தில் இறந்தவருக்கு அந்தப் பகுதியின் பிரதேச செயலகம் அல்லது கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களம். மலேசியா என்றால் ஜேபிஎன் என்று அங்கே சொல்லும் தேசியப் பதிவுத் துறை. சிங்கப்பூர் என்றால் ஐசிஏ என்ற குடிவரவுத் துறை; அங்கே 2022 மே 29-க்குப் பிறகு சான்று டிஜிட்டலாகத்தான் வருகிறது. இந்தியக் குடிமகனாக இருந்து அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்திருந்தால் அந்தச் சான்றும் இங்கே செல்லும். வெளிநாட்டுச் சான்றை இங்கே காட்டுவதற்கு முன் அபோஸ்டில் (அந்த நாட்டு அரசு போடும் சர்வதேசச் சான்று முத்திரை) அல்லது தூதரகச் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதற்காகத் திருப்பி அனுப்புவது பெரிய வேலை.

காணாமல் போனவர் விஷயம் தனி. கப்பலுக்குப் போனார், திரும்பவில்லை என்பது போன்றவற்றில் எந்தப் பதிவாளரும் எதையும் பதிய முடியாது. அவரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடமாக எந்தச் செய்தியும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். பழைய சட்டத்தில் 108-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 111. அதற்கு சிவில் கோர்ட்டில் பிரகடனம் கேட்டு வழக்குப் போட வேண்டும். போலீசில் அன்றே புகார் கொடுத்து எஃப்ஐஆர் இருந்தால் வழக்கு எளிது. இல்லையென்றால் வக்கீலிடம் போவதற்கு முன், அவர் போன வருடத்திலிருந்து வீட்டுக்கு வந்த கடிதம், மணியார்டர் ரசீது, எது இருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு செய்தி நின்றது என்பதைத்தான் கோர்ட் முதலில் கேட்கும்.